குவேனியின் பேத்திகள் என்ன வாசிக்கிறார்கள்?

செப்டெம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்து வாசலில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடையோடு வெளியே வரும் தமிழ்ப் பிள்ளைகளின் பைகளில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கும். மேலே சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, அது அம்மாவுக்கு. அடியில் அறுநூறு எழுநூறு பக்கத்தில் ஓர் ஆங்கில நாவல், அது தனக்கு. அட்டையில் ஒரு வாள், ஒரு கிரீடம், சுற்றிலும் முட்கொடி, சில வேளை டிராகனின் செட்டை. உள்ளே பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி ஓர் இராச்சியத்தைக் கவிழ்க்கப் புறப்பட்டிருப்பாள். போகிற வழியில் மனிதப் பிறவியே அல்லாத ஒருவனிடம் மனதைப் பறிகொடுத்தும் இருப்பாள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் பலர் கைமாற்றிக் கைமாற்றி வாசிப்பது இந்த வகையைத்தான். பிள்ளைகளிடம் வாசிப்பே செத்துப் போயிற்று என்று நூல் வெளியீட்டு மேடைகளில் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மூன்று பாகம், ஐந்து பாகம், எட்டுப் பாகம் என்று விடிய விடிய வாசிக்கிறார்கள். தமிழில் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் 'ஆங்கில மோகம்' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது சுலபம். ஆனால் அந்தப் பிள்ளை தேடுகிற கதை தமிழில் எந்தக் கடைத் தட்டில் இருக்கிறது? இயக்கர், நாகர், சிங்கமுகத்து இளவரசன், வான்வழி பறக்கும் பெண் என்று நம்மிடம் இருந்த கதைகளையெல்லாம் தலபுராணத்துக்கும் பரீட்சைக் குறிப்புக்கும் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை வெறுங்கையோடு விட்டிருக்கிறோம்.

இரத்தக்காட்டேரி முதல் டிராகன் வரை

முதலில் இந்தப் புத்தகங்கள் எப்படிப்பட்டவை என்று அறியாத பெற்றோருக்காகக் கொஞ்சம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997இல் 'பஃபி' என்றொரு தொடர் வந்தது. அதுவரை திகில் படங்களில் இருட்டுச் சந்துக்குள் போய் முதலில் சாகிறவள் ஒரு பொன்னிறக் கூந்தல்காரியாக இருப்பாள். பஃபியிலும் அப்படியொருத்தி சந்துக்குள் போவாள். செத்துக் கிடப்பது இரத்தக்காட்டேரியாக இருக்கும். அங்கே திரும்பிய கதை 2005இல் ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' வந்தபோது கொஞ்சம் பின்வாங்கியது. பெல்லாவுக்கு வயது பதினேழு. அவள் காதலிக்கும் எட்வேர்ட் நூறு வயது கடந்தும் பதினேழாகவே நிற்கிற இரத்தக்காட்டேரி. ஆபத்தில் மாட்டுவது அவள் வேலை, காப்பாற்றுவது அவன் வேலை. உலகெங்கும் 16 கோடிப் பிரதிகள் விற்ற அந்தத் தொடரை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆனாலும் ஒரு பெண்பிள்ளையின் ஆசையை அவள் வாயாலேயே நாலு தடித்த புத்தகங்களுக்குச் சொல்லலாம், அதை வாங்க வரிசையில் நிற்பார்கள் என்று பதிப்பாளர்களுக்குப் புரியவைத்தது அதுதான்.

பெல்லாவுக்குப் பதில் 2008இலேயே வந்துவிட்டது. சுசான் கொலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' நாயகி கட்னிஸ், தன் தங்கையின் பெயர் மரணப் போட்டிக்கு அழைக்கப்பட்டபோது குறுக்கே பாய்ந்து, அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்கிறாள். அதில் பேய் பிசாசு எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த மாயக்கதை நாயகிகள் எல்லோரும் அவளுடைய வில்லைக் கொஞ்ச நேரமாவது கையில் பிடித்துப் பார்த்தவர்கள்தான்.

பிறகு வந்தவர் சாரா ஜே. மாஸ். 2012இல் வெளியான 'த்ரோன் ஒஃப் க்ளாஸ்' நாவலை அவர் எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. முதலில் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு வந்தார். சிண்ட்ரெல்லா அரண்மனைக்கு நடனமாட வராமல் இளவரசனைக் கொல்ல வந்திருந்தால் எப்படியிருக்கும் என்ற குறும்பான யோசனையில் பிறந்த கதை அது. 2015இல் அவர் தொடங்கிய அடுத்த தொடரின் ஃபெய்ரா, பசித்த குடும்பத்துக்காகப் பனிக்காட்டில் வேட்டையாடுகிறவள். ஓர் ஓநாயைக் கொன்றதற்கு ஈடாக அமானுடர்களின் நாட்டுக்குப் போக வேண்டி வருகிறது. 2023இல் ரெபேக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' வந்தது. அதன் நாயகி வயலெட்டுக்கு எலும்பும் மூட்டும் பலவீனம்; லேசாகத் தட்டினாலே மூட்டு விலகிவிடும். புத்தகக் காப்பாளராக வளர்ந்தவளை டிராகன் படைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள் தாய். அங்கே அவள் பிழைப்பது வாசித்து வைத்திருந்த விஷயங்களாலும் நஞ்சுகளைப் பற்றிய அறிவாலும். அந்தத் தொடரின் மூன்றாம் பாகம் 2025 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே 27 இலட்சம் பிரதிகள் விற்றது.

நம்மவர் வழியிலும் இந்த வகையில் பெரிய பெயர் ஒன்று உண்டு. நளினி சிங், ஃபிஜித் தீவில் இந்திய வம்சாவளியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 2006இல் தொடங்கிய அவருடைய தொடரில் உணர்ச்சியைத் துடைத்தெறிந்த மனோசக்திக்காரர்களும் சிறுத்தையாக உருமாறுகிறவர்களும் காதலிக்கிறார்கள். உலகம் முழுக்க வாசகர்கள் இருக்கிறார்கள். நம் பத்திரிகைகளில் அவரைப் பற்றி ஒரு குறிப்பு வந்து நான் பார்த்ததில்லை.

வாள் பிடித்துவிட்டால் நாயகி வலிமையானவள் ஆகிவிடுவாளா? இந்த வகையிலேயே நூற்றுக்கு எண்பது புத்தகங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. முதல் ஐம்பது பக்கத்தில் பத்துப் பேரை வெட்டிச் சாய்ப்பாள். அதன் பிறகு ஒருவனின் பச்சைக் கண்ணைப் பார்த்துவிட்டு முந்நூறு பக்கத்துக்கு மூளையைக் கழற்றி வைத்துவிடுவாள். கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துத் தங்களுக்குள் நக்கலடிக்கிறார்கள். தானே ஒரு முடிவெடுத்து அதன் விலையைத் தானே கொடுக்கிறவள்தான் அவர்களுக்குக் கடைசியில் நினைவில் நிற்கிறாள். எந்தப் பாடம் எடுப்பது, எந்த ரியூஷனுக்குப் போவது, எத்தனை மணிக்கு வீடு வருவது, எந்த நாட்டு மாப்பிள்ளை என்பதெல்லாம் மாமாமாரும் சித்தப்பாமாரும் கூடித் தீர்மானிக்கும் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு, அப்படியொருத்தியைப் பார்க்க ஆசை வராமல் எப்படி இருக்கும்?

மேசையில் ஒன்று, தலையணைக்குக் கீழே ஒன்று

இங்கே ஒரு வேடிக்கை. கொழும்புத் தமிழ் வீடுகளில் தமிழ்க் காதல் நாவல் என்றால் அது ஒளித்து வாசிக்கிற சாமான். ரமணிசந்திரனைக் கணக்குக் கொப்பிக்குள் வைத்து வாசித்துப் பிடிபட்ட தலைமுறைதான் இன்றைய அம்மாமார். அந்த நாவல்களில் நடந்ததெல்லாம் என்ன? ஒரு தவறான புரிதல், ஒரு பணக்கார நாயகன், கடைசி அத்தியாயத்தில் ஒரு கல்யாணம். அதற்கே அடி விழுந்தது. இன்று அதே அம்மா, மகள் வாசிக்கும் ஆங்கில நாவலை வரவேற்பறை மேசையிலேயே பெருமையாக வைக்கிறார். ஆங்கிலம், அதுவும் இவ்வளவு மொத்தம். பிள்ளைக்கு இங்கிலிஷ் நன்றாக வரும் என்ற நம்பிக்கை. 2000களின் தொடக்கத்தில் அரச பாடசாலைகளில் ஆங்கில மொழிமூல வகுப்புகள் திரும்பி வந்ததும், அதற்கு முன்பே சர்வதேசப் பாடசாலைகள் பெருகியதும் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டன.

உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தால் அந்த அம்மா மயங்கி விழக்கூடும். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது: பதின்ம வயதினருக்கான நாவலும் வயது வந்தோருக்கான மாயக் காதல் நாவலும் ஒரே மாதிரி அட்டையோடு ஒரே தட்டில் அடுக்கப்படுகின்றன. ஃபெய்ராவின் தொடர் முதலில் இளையோர் நாவலாகவே விற்கப்பட்டது. 2020இல்தான் பதிப்பகம் அதை வயது வந்தோர் வரிசைக்கு மாற்றிப் புதிய அட்டை போட்டது. வயலெட்டின் தொடர் தொடக்கத்திலிருந்தே பெரியவர்களுக்கானது. படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டவை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 'ஹங்கர் கேம்ஸ்' கொடுக்கலாம். இவற்றைக் கொடுக்க மாட்டேன். பறித்து அலுமாரியில் பூட்டச் சொல்லவில்லை. கூட இருந்து வாசியுங்கள், அல்லது என்ன வாசிக்கிறாய் என்றாவது கேளுங்கள். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்காத பிள்ளை பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள்.

பேயும் பிசாசுமாக இதென்ன வாசிப்பு என்று அலுத்துக்கொள்ளும் உரிமையும் நமக்கு இல்லை. 2016இல் சன் தொலைக்காட்சியில் 'நாகினி' ஓடியபோது, பாம்பாக மாறும் பெண்ணின் பழிவாங்கலை வீடு முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். அதற்கும் முன்பு இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' நாட்டையே பயமுறுத்தியது. 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி, கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி இவர்கள்தான் என் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் சொல்கிறாள். கல்கி அதை எழுதியது 1950களின் தொடக்கத்தில்.

சிங்கத்தோடு போனவள்

இந்தத் தீவு தன் பிறப்பைச் சொல்கிற விதமே அமானுடக் காதல்தான். மகாவம்சத்தைத் திறந்தால் விஜயனுக்கு முன்னால் அவன் பாட்டி சுப்பாதேவி நிற்கிறாள். வங்க நாட்டு இளவரசி. மிருகராசனோடு கூடுவாள் என்று சோதிடர் சொன்னதால் வீட்டில் அவமானப்பட்டவள், தன்னிச்சையாக வாழும் சுகத்தை நாடித் தனியே வெளியேறினாள் என்று அந்த நூலே சொல்கிறது. யாரென்று தெரியாதபடி மகதத்துக்குப் போகும் வணிகக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறாள். காட்டில் சிங்கம் பாய்ந்ததும் கூட்டம் சிதறி ஓடுகிறது. அவள் சிங்கம் வந்த வழியிலேயே போகிறாள். சிங்கத்தின் முதுகில் ஏறிக் குகைக்குப் போனவளுக்குப் பிறந்தவன்தான் சிங்கபாகு. 1961இல் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய 'சிங்கபாகு', தகப்பனும் மகனும் மோதுகிற துயரத்தை எடுத்துக்கொண்டது. வீட்டை விட்டுத் தனியே நடந்த அந்தப் பெண்ணின் கதையை மட்டும் எடுத்து ஒரு நாவல் எழுதினால், அது நியூயோர்க் பதிப்பகம் எதற்கும் குறைந்ததாக இராது.

பேரன் விஜயன் கரையிறங்கியபோது குவேனி ஒரு மரத்தடியில் தவசிப் பெண் வடிவில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். அவனுடைய ஆட்களை ஒவ்வொருவராகப் பள்ளத்தில் தள்ளினாள். கையில் கட்டியிருந்த காப்பு நூலால் அவர்களை அவளால் தின்ன முடியவில்லை. விஜயன் வந்து அவள் கூந்தலைப் பற்றி வாளை ஓங்கினான். பிறகு நடந்ததுதான் கதை. பதினாறு வயதுப் பெண்ணாக உருமாறி, அதே மரத்தடியில் கூடாரத்தோடு மஞ்சம் விரித்தாள். இரவில் தூரத்தில் இசை கேட்டது. சிறிசவத்து நகரில் இயக்கர் வீட்டுக் கலியாணம் அது, இன்றைக்கே போய் அவர்களைக் கொன்றுவிடு என்று தன் இனத்தையே காட்டிக்கொடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத இயக்கரை எங்கே வெட்டுவது என்பதைத் தன் குரலாலேயே அவனுக்குக் காட்டினாள். அரசு அவனுக்குக் கிடைத்தது. முடிசூட்டு விழாவுக்குச் சத்திரிய குலத்துப் பெண் வேண்டுமென்று மதுரைக்கு ஆள் போனது. பாண்டிய இளவரசி வந்து இறங்குகிற நேரத்தில், மனிதர்கள் அமானுடரைக் கண்டால் அஞ்சுவார்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ என்கிறான் விஜயன். அவள் பிள்ளைகளோடு இயக்கர் நகருக்குத் திரும்பிப் போக, உளவு பார்க்க வந்தவள் என்று எண்ணிய ஓர் இயக்கன் ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். பிள்ளைகள் மலைநாட்டுக்கு ஓடித் தப்புகிறார்கள்.

இதைவிடக் கனமான அமானுடக் காதல் கதை எந்த மொழியில் இருக்கிறது? பெல்லாவையும் ஃபெய்ராவையும் இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சிங்களத்தில் ஹென்றி ஜயசேன 1963லேயே 'குவேனி' நாடகம் போட்டார். மதுரையிலிருந்து வந்து இறங்கிய அந்த இளவரசியின் பக்கத்திலிருந்து தமிழில் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? தனக்கு இடம் ஒதுக்குவதற்காக ஒருத்தி துரத்தப்பட்டாள் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு முழு நாவல் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பக்கம் வந்தால் மாருதப்புரவீகவல்லி. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை அவள் கதையைச் சொல்கிறது. சோழ இளவரசி; குதிரை முகம். தீர்த்தமாடத் தீவுக்கு வந்து கீரிமலையில் குளிக்கக் குளிக்க முகம் மாறி அழகியாகிறாள். மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எடுக்கிறாள். அப்போது சிங்க முகமுள்ள உக்கிரசிங்கன் என்ற அரசன் அவளைக் கண்டு, இரவோடு இரவாகத் தூக்கிப் போய் மணந்துகொள்கிறான். அவர்களுக்கு வாலோடு ஒரு மகன். ஐரோப்பியர் சொல்லும் அழகியும் அரக்கனும் கதையில் விகாரம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். இங்கே மிருகமுகம் கொண்டு வாழ்வது எப்படியென்று அவளுக்கும் தெரியும். தன் முகத்தைக் கண்டு மற்றவர்கள் விலகிய வருடங்களை அனுபவித்தவள், சிங்க முகத்தானை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தபோது என்ன நினைத்திருப்பாள்? புலவர் சொல்லவில்லை. தூக்கிப் போனதை அவள் சம்மதித்தாளா என்பதையும் சொல்லவில்லை. ஆண்டாண்டாகக் கீரிமலைத் தீர்த்தத்தின் மகிமைக்குச் சான்றாகவே அவளைச் சொல்லி வந்திருக்கிறோம். இன்றைய பதினாறு வயதுக்காரிக்கு எழும் முதல் கேள்வி இந்தச் சம்மதக் கேள்வியாகத்தான் இருக்கும்.

இவ்வளவுக்கும் மேலே மணிமேகலை. சாத்தனாரின் காப்பியத்தைப் பரீட்சைக் குறிப்பிலிருந்து வெளியே எடுத்து வாசித்தால், இளம் பெண்ணொருத்தியின் மாயப் பயணம் முழுசாக அங்கே இருக்கிறது. நாடகக் கணிகையின் மகள் என்று ஊர் அவளுக்கு ஒரு வாழ்க்கையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. இளவரசன் உதயகுமாரன் விடாமல் துரத்துகிறான். தூக்கத்தில் தெய்வம் அவளைத் தூக்கிப் போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. நயினாதீவுதான் அது என்று கொள்வோர் பலர். அங்கே முற்பிறப்பு தெரிகிறது. வேற்றுருக் கொள்ள, வானில் பறக்க, பசியைத் தாங்க என மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைக்கிறது. துரத்துகிறவனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை வடிவம் எடுக்க, அவளைத் தன் மனைவியென்றே நம்பிய காஞ்சனன் இளவரசனை வெட்டுகிறான். அவள் சிறையில் போடப்படுகிறாள். வெளியே வரும்போது அந்தச் சிறையையே அறக்கோட்டமாக்கும்படி அரசனிடம் கேட்டு வாங்குகிறாள். பிறகு ஆண் தவசி வேடத்தில் வஞ்சிக்குப் போய், எல்லாச் சமயத்தாரிடமும் கேள்வி கேட்டுப் படிக்கிறாள். முற்பிறப்பில் கணவனாக இருந்தவன் அந்த உதயகுமாரன் என்பதால் அவளுக்குள்ளும் ஒரு சலனம் இருந்தது என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை. அந்தச் சலனத்தோடேயே தன் வழியை அவள் தேர்ந்தெடுத்தாள். வாள் தூக்காத நாயகி இவள்.

ஏன் எழுதாமல் விட்டோம்?

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தில் மாயக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1885இல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை' கடத்தலும் தலைமறைவுமாக ஓடும் சாகசம். 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி கொடுத்த 'ஊசோன் பாலந்தை கதை', காட்டில் கரடியிடம் வளர்ந்த இளவரசனையும் அவன் இரட்டைச் சகோதரனையும் பற்றிய பழைய ஐரோப்பியக் கதையின் தமிழ் வடிவம். 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோது, ஒரு பெண்ணின் குடும்பத் துயரம் பெண்ணின் கையாலேயே நாவலாயிற்று. அந்த இரண்டு ஓடைகளும் ஒன்று சேரவே இல்லை.

சேராததற்குக் காரணங்கள் உண்டு. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வரிசையாகக் கொண்டுவந்தது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' போன்றவை அப்படி வந்தவை. நல்ல காலம் அது. ஆனால் அன்றைய இலக்கிய அளவுகோல் யதார்த்தம். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் முற்போக்கு எழுத்தாளர்களும் சாதி, நிலம், உழைப்பு என்று எழுதச் சொன்னார்கள். சொல்ல வேண்டிய காலம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து டொமினிக் ஜீவா 'மல்லிகை' இதழைச் சுமந்ததும் அந்த நம்பிக்கையோடுதான். அந்தச் சூழலில் சிங்கமுகத்து அரசனைப் பற்றி நாவல் எழுதியவரை யார் மதித்திருப்பார்கள்? பிறகு போர் வந்தது. 1983 ஜூலைக்குப் பின் எழுதியவர்கள் கண்முன் நடந்ததை எழுதி முடிக்கவே ஆயுள் போதவில்லை. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைக்குப் பதினைந்து வயதாகும் பிள்ளை போர் முடிந்த பிறகு பிறந்தவள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

தமிழ்நாட்டிலும் சிறுவருக்கு எழுத ஆள் இருக்கிறார்கள். விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. சிறகு முளைத்த பள்ளிச் சிறுமியின் கதை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஓவியாவை மூடிவைத்த பிள்ளைக்கு அடுத்து என்ன? நேரே ரமணிசந்திரன் அல்லது நேரே ஜெயகாந்தன். நடுவில் ஆறேழு வருடம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை இப்போது போன் நிரப்புகிறது. வாட்பேடிலும் பிரதிலிபியிலும் தமிழ்ப் பெண்கள் இரத்தக்காட்டேரிக் காதலும் ஓநாய் மனிதன் காதலும் தொடராக எழுதுகிறார்கள். முக்கால்வாசி அவசரச் சமையல், எழுத்துப்பிழை தாராளம், அடித்துத் துன்புறுத்துகிறவனைக் காதலிக்கிற நாயகிகள் வேறு. திருத்தி, செதுக்கி, அச்சில் போட ஒரு பதிப்பாசிரியர் இருந்தால் அதிலிருந்தே நாலு நல்ல எழுத்தாளர்கள் வெளிவருவார்கள். சாரா மாஸ் வந்த வழி அதுதானே.

ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள்

நாம் யோசித்துக்கொண்டிருக்க, இந்த மண்ணின் எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டார்கள். கொழும்பில் வளர்ந்த நிஸ்ரானா ஃபாரூக்கின் 'த கேர்ள் ஹூ ஸ்டோல் அன் எலிஃபன்ட்' 2020இல் இலண்டனில் வெளிவந்தது. செரந்திப் என்ற தீவில் அரசியின் நகைகளைத் திருடும் சாயா என்ற துடுக்குக்காரி அதன் நாயகி. பத்து வயதிலிருந்தே வாசிக்கலாம். அமண்டா ஜயதிஸ்ஸவின் 'ஐலண்ட் விட்ச்' 2024இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கைக் கரையோரக் கிராமம், பேயோட்டும் பூசாரியின் மகள், ஊரே சூனியக்காரி என்று தூற்றும் அவள் காட்டுக்குள் நடக்கும் தாக்குதல்களின் மர்மத்தைத் தேடிப் போகிறாள். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஏற்றது. இரவில் தனியே வாசிக்க வேண்டாம். ஈழத்தில் பிறந்து அமெரிக்காவில் எழுதும் எஸ்.ஜே. சிந்துவின் 'சக்தி' என்ற சித்திர நாவல் 2023இல் வந்தது. மந்திரமும் அம்மன்களும் பாடசாலை வம்புச் சண்டையும் கலந்த ஒரு பெண்பிள்ளையின் கதை. வஜ்ர சந்திரசேகர கொழும்பிலிருந்து எழுதிய மாய நாவல் அமெரிக்காவின் நெபியுலா விருதையே வென்றது. இவற்றில் ஒன்றாவது தமிழில் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்; என் கண்ணில் படவில்லை.

விலையும் ஒரு பிரச்சினைதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, பத்து டொலர் நாவல் ஒன்றின் விலை இறக்குமதிச் செலவுக்கு முன்பே 2,000 ரூபாயிலிருந்து 3,600 ஆனது. அன்றிலிருந்து ஒரு புத்தகத்தை வகுப்பே சுற்றிச் சுற்றி வாசிப்பது வழக்கமாகிவிட்டது. மருதானைப் பக்கம் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகக் கிளறினால் 'ட்வைலைட்' காலத்துப் பிரதிகள் மலிவாகக் கிடைக்கும். உள்ளூரில் அச்சிடும் தமிழ் நாவலுக்கு டொலர் கணக்கு இந்த அளவு உறைக்காது. கடதாசி விலை ஏறினாலும் ஆங்கில நாவலின் பாதி விலைக்குக் கொடுக்கலாம். வியாபாரமாகப் பார்த்தாலும் இது திறந்து கிடக்கிற கதவு.

ஆகவே கேட்பது சின்ன விஷயங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நல்ல நூலகம் வைத்திருக்கிறது. அங்கே பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுக்கென்று தனியாக ஓர் அலுமாரி வையுங்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்தே இருக்கட்டும். செட்டியார் தெருவிலும் காலி வீதியிலும் கடை வைத்திருக்கும் பூபாலசிங்கம் போன்ற புத்தகசாலைக்காரர்கள், சோதிடத்துக்கும் சமையலுக்கும் நடுவே ஒரு தட்டை ஒதுக்குங்கள். நிஸ்ரானா ஃபாரூக்கைத் தமிழில் கொண்டுவர ஒரு பதிப்பகம் முன்வரட்டும். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் பேசும் பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் வயதில்தான் சாரா மாஸ் எழுதத் தொடங்கினார். யாழ்ப்பாண வைபவமாலை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது. மணிமேகலையைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு வாசிக்கலாம். குதிரை முகத்துப் பெண்ணை எடுங்கள், அவள் பக்கத்திலிருந்து எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளலாம். வாங்கி வாசிக்க வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆள் இருக்கிறது.